மகள் படிப்புக்குன்னு ஒதுக்குற பணம்: எங்க போட்டா கை படாம இருக்கும்?

மேலூர்க்காரன்:

வணக்கம். மகள் இப்ப அஞ்சாம் வகுப்பு. வர்ற ஜனவரியில் 10 வயசு முடியுது. அவ கல்லூரிக்குன்னு மாசம் 9,000 ரூபாய் தனியா எடுத்து வைக்க முடியும். பிரச்சினை வட்டி இல்ல, பணம் நிக்க மாட்டேங்குது. எஃப்டியா போட்டா, சீர் செய்யணும், போர் மோட்டார் போச்சுன்னு வரும்போது போன்லயே உடைச்சுடலாம்னு இருக்கு. வீட்டுல நகைச்சீட்டு போடலாம்னு சொல்றாங்க. ஏஜென்ட் ஒருத்தர் குழந்தை பாலிசி காட்டுறார். பெண் குழந்தைகளுக்கான அரசு சேமிப்புத் திட்டமான செல்வமகள் பத்தியும் கேள்விப்பட்டேன். ஒரு நோக்கத்துக்குன்னு எடுத்த பணம் அந்த நோக்கத்துக்கே போய்ச் சேர எது சரி? சம்பளம் மாசம் 1ஆம் தேதி வரும்.

தபால்பை:

முதல்ல ஒரு அவசரம். செல்வமகள் கணக்கை 10 வயசு முடியறதுக்குள்ள திறக்கணும். ஜனவரிப் பிறந்தநாள் வந்துட்டா கதவு மூடியாச்சு. எவ்வளவு போடறது, எங்க போடறதுன்னு முடிவு பண்ண மாசக்கணக்கு ஆனாலும் பரவாயில்ல, இப்பவே 250 ரூபாய் கட்டிக் கணக்கைத் திறந்து வச்சிடுங்க. அதுக்கு மேல போடறதைப் பொறுமையா யோசிக்கலாம்.

தபால் நிலையத்துக்குப் போறதுக்கு முன்னாடி பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்க. நம்ம பக்கம் நிறையச் சான்றுல குழந்தை பேரே இருக்காது, "பெண் குழந்தை"ன்னு மட்டும் இருக்கும். அப்படியிருந்தா பிறப்பைப் பதிவு பண்ண உள்ளாட்சி அலுவலகத்துல பேர் சேர்க்கணும். ஒரு வருஷம் தாண்டிட்டதால தாமதக் கட்டணம் உண்டு, ஆனா 15 வயசு வரைக்கும் சேர்க்கலாம். அடுத்து இனிஷியல். சான்றுல "க. மலர்விழி", ஆதார்ல "மலர்விழி கண்ணன்"னு இருந்தா கவுன்டர்ல திருப்பி அனுப்புவாங்க. ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்கிட்டு, அதே எழுத்துல கணக்கைத் திறங்க. 18 வயசுல அவ பேர்ல பான் எடுத்து இதே கணக்குல சேர்க்கும்போது இந்த ஒத்துமைதான் காப்பாத்தும். பாதுகாவலரா உங்க பான், ஆதார், ரெண்டு பேர் போட்டோ வேணும். நாமினியையும் அன்னைக்கே எழுதிடுங்க.

கணக்கோட அமைப்பு இது. வருஷத்துக்குக் குறைஞ்சது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். திறந்த நாள்ல இருந்து 15 வருஷம் வரை கட்டலாம், 21 வருஷத்துல முதிர்வு. ஒரு வருஷம் 250 கூடக் கட்டலேன்னா 50 ரூபாய் அபராதம் கட்டி உயிர்ப்பிக்கணும். வட்டி 2024 ஜனவரியில் இருந்து 8.2 சதவீதம், வரி கிடையாது. மூணு மாசத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கிறதால இது நிலையான எண் இல்ல: 2015-16ல 9.2 இருந்துச்சு, 2020 ஏப்ரல்ல 7.6க்கு இறங்கி மூணு வருஷம் அங்கேயே நின்னுச்சு.

நீங்க கேட்ட "கை படாம" விஷயத்துல இதுக்கு ஈடு கிடையாது. இதை அடமானம் வைக்க முடியாது, இது மேல கடனும் கிடையாது. மோட்டார் போச்சுன்னு எழுதிக் கொடுத்தாலும் தர மாட்டாங்க.

வட்டிக்கணக்கு:

தபால்பை சொன்னது எல்லாம் சரி. ஆனால் செல்வமகளை மட்டும் நம்பினால் கல்லூரி வாசலில் மாட்டிக்கொள்வீர்கள். பலரும் கவனிக்காத இடம் இது.

உங்கள் மகள் கல்லூரியில் சேரும்போது வயது பதினேழரை. கணக்கு முதிர்வதோ அவளுக்கு 30 ஆகும்போது. நடுவில் படிப்புக்கென்று எடுக்க அனுமதி உண்டு: 18 வயது, அல்லது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்குப் பிறகு. எடுக்கக்கூடியது முந்தைய மார்ச் 31 அன்று இருந்த தொகையில் பாதிதான். அதுவும் மொத்தமாகவோ, ஆண்டுக்கு ஒரு முறை வீதம் ஐந்து ஆண்டுகளிலோ. கேட்கும் தொகை கல்லூரி கேட்ட கட்டணத்தைத் தாண்டக் கூடாது. சேர்க்கைக் கடிதம் அல்லது கட்டணச் சீட்டு இணைக்க வேண்டும்.

மாதம் 5,000 வீதம் எட்டு ஆண்டு, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் கட்டி, 8.2 நீடித்தால், சேர்வது சுமார் 6.7 லட்சம். அதில் பாதி 3.35 லட்சம். மீதிப் பாதி திருமணத்துக்கு முன் கணக்கை முடிக்கும் சலுகையைப் பயன்படுத்தினால் ஒழிய உள்ளேயே இருக்கும். (அந்தச் சலுகைக்கு மணமகளுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து மூன்று மாதம் பின்பு வரைதான் விண்ணப்பிக்க முடியும்.) ஆகவே 9,000 முழுவதையும் அங்கே கொட்டினால் கல்லூரிக்கென்று ஒதுக்கியதில் பாதி கல்லூரிக்கு வராது.

இன்னொரு சிக்கல் நாள் கணக்கு. கலந்தாய்வில் இடம் ஒதுக்கிய பிறகு பணம் கட்டச் சில நாள்தான் கொடுப்பார்கள். கட்டணச் சீட்டைக் கொண்டுபோய்த் தபால் நிலையத்தில் விண்ணப்பித்து, அது பரிசீலனையாகிப் பணம் கைக்கு வருவதற்குள் அந்தக் கெடு முடிந்துவிடலாம். முதல் ஆண்டுக் கட்டணம் உடனே எடுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். செல்வமகள் இரண்டாம் ஆண்டு முதல்.

எனவே பிரித்துப் போடுங்கள். 5,000 செல்வமகள். 4,000 தபால் நிலைய ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு). ஆர்டி ஐந்து ஆண்டு, 6.7 சதவீதத்தில் முடியும்போது ஏறக்குறைய 2.85 லட்சம். அதை அப்படியே சேமிப்புக் கணக்கில் விடாமல் வங்கியில் மூன்று எஃப்டியாக உடைத்து, அவள் கல்லூரி சேரும் ஆண்டு மே மாதம் ஒன்று, அடுத்த மே ஒன்று, அதற்கடுத்த மே ஒன்று என முதிர்வு வையுங்கள். மீதமுள்ள மூன்று ஆண்டுக்கு அதே 4,000ஐ வங்கி ஆர்டியில் 36 மாதம் போடுங்கள் (தபால் நிலையத்தில் ஐந்து ஆண்டு ஆர்டி மட்டுமே). அதுவும் மே மாதத்தில் முடியும்படி. ஒன்றரை லட்சத்துக்கு மேல் கிடைக்கும், முதல் ஆண்டுச் சேர்க்கைக்கு அதுதான் முன்னால் நிற்கும் பணம். ஆர்டி, எஃப்டி வட்டிக்கு வரி உண்டு. மகள் பெயரில் போட்டாலும் சிறுவர் வருமானம் பெற்றோர் வருமானத்தோடுதான் சேரும், அதனால் அந்த வழியில் லாபமில்லை.

கரிசல்மண்:

இவ்வளவு எதுக்கு? பவுன் வாங்கி வைங்க. எட்டு வருஷத்துல எந்த வட்டியும் தங்கம் கிட்ட வராது. நகைச்சீட்டுல சேதாரம் தள்ளுபடி வேற.

வட்டிக்கணக்கு:

விலை ஏறுமா இறங்குமா என்பதில் நான் வாக்குவாதம் செய்யவில்லை. அவர் கேட்டது பணம் நிற்குமா என்று. நம் ஊரில் அவசரம் என்றதும் முதலில் வீட்டை விட்டுப் போவது தங்கம்தான். நகைக்கடன் அரை மணியில் கிடைக்கிறது, வீட்டில் யாருக்கும் உறுத்தாது, பிறகு வட்டி கட்டியே காலம் போகும். பூட்டே இல்லாத பெட்டி அது.

சீட்டு ஏன் 11 மாதத்தில் முடிகிறது என்று பாருங்கள். பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாக மாற்றாவிட்டால் சட்டப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும், கடைக்கு அந்த அனுமதி கிடையாது. ஆகவே பணமாகத் திரும்பி வராது, நகையாகத்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி, கல் வைத்த நகை என்றால் கல்லின் எடை. விற்கும்போது இவற்றில் எதுவும் திரும்பாது. வங்கியில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு, சீட்டுப் பணத்துக்கு அதுவும் இல்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் கல்யாணத்துக்கு என்று தனியாகப் போடுங்கள், படிப்புக் கணக்கில் கலக்காதீர்கள்.

கரிசல்மண்:

கல்லு எடை சரிதான். கட்டியா, காசா வாங்கினா செய்கூலி ரொம்பக் குறையும், அதைச் சொல்ல விட்டுட்டீங்க.

பத்திரம்படி:

தம்பி, எஃப்டி உடைஞ்சதுக்குக் காரணம் எஃப்டி இல்ல. சீர், மொய், மோட்டார் இதுக்கெல்லாம் வீட்டுல தனிப் பணம் இல்லாததுதான். அதுக்கு இடம் வைக்காம எந்தப் பூட்டு போட்டாலும், பூட்டுக்கு வெளிய கடன் வாங்கி 24 சதவீத வட்டி கட்டுவீங்க, உள்ள 8.2 வாங்கிட்டு இருப்பீங்க.

அதனால செல்வமகளை 250ல திறந்து வச்சுட்டு, முதல் சில மாசம் 9,000ஐயும் அவசரப் பணமாச் சேருங்க. மூணு மாச வீட்டுச் செலவு சேர்ற வரைக்கும். சம்பளம் வராத வேற வங்கில, யுபிஐ இணைக்காத கணக்குல. ஏடிஎம் கார்டு வீட்டுக்காரம்மா கிட்ட இருக்கட்டும். மொய், சீர், ஜூன் மாச ஸ்கூல் பீஸ், வண்டி இன்சூரன்ஸ் இதெல்லாம் அவசரம் இல்ல, வரும்னு முன்னாடியே தெரிஞ்ச செலவு. போன வருஷம் மொய் நோட்டைப் பாருங்க, யார் வீட்டுல என்ன விசேஷம் பாக்கின்னு அதுலயே தெரியும். கூட்டிப் பார்த்து 12ஆல வகுத்து, மே மாசம் முடியற மாதிரி ஒரு வருஷ வங்கி ஆர்டி போட்டா அந்தப் பக்கம் அடங்கிடும்.

குழந்தை பாலிசிக்கு வர்றேன். அதுல காப்பீடும் அரைகுறை, சேமிப்பும் அரைகுறை. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஏஜென்ட் கிட்ட பலன் விளக்க அட்டவணையைக் கேளுங்க, உத்தரவாதம்னு தனியா அச்சடிச்ச கட்டத்தை மட்டும் பாருங்க. மொத்தம் கட்டற பிரீமியம், வர்ற பணம், நடுவுல எத்தனை வருஷம், இந்த மூணையும் வச்சு வட்டி விகிதம் போட்டுப் பார்த்தா சங்கதி தெரியும். பாலிசி கையில வந்த பிறகும் 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு.

ஆனா ஏஜென்ட் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு: நீங்க இல்லாமப் போனா மாசம் 9,000 நின்னுடும். அதுக்கு வழி டேர்ம் இன்சூரன்ஸ். ஆண்டு வருமானத்துல பத்துப் பதினஞ்சு மடங்குக்கு, சேமிப்பு எதுவும் சேர்க்காத வெறும் டேர்ம். எடுக்கும்போது ஒரு வேலை செய்யுங்க. விண்ணப்பத்துல 1874ஆம் வருஷத்து திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்படின்னு ஒரு கட்டம் இருக்கும். அதைக் குறிச்சு மனைவி, மகள் பேரைப் பயனாளியாப் போட்டா அந்தப் பணம் உங்க சொத்துல சேராது, அவங்களுக்கான டிரஸ்ட் மாதிரி ஆகிடும். நீங்க வச்சுட்டுப் போன கடனுக்குக் கடன்காரர் அதை ஜப்தி பண்ண முடியாது. கடன்காரரை ஏமாத்தற நோக்கத்தோட எடுத்ததுன்னு நிரூபிச்சா மட்டும், கட்டின பிரீமியம் அளவுக்கு அவர் அதுல இருந்து கேட்கலாம். பாலிசி எடுத்த பிறகு சேர்க்க முடியாது, பிற்பாடு மனசு மாறிப் பயனாளியை நீக்கவும் முடியாது. ஒரு நோக்கத்துக்குன்னு எழுதி வைக்கறதுக்கு நம்ம சட்டத்துல இதைவிட இறுக்கமா, இவ்வளவு மலிவா வேற எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

மேலூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, மொய் நோட்டு யோசனை வீட்டுலயும் ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு சந்தேகம். மியூச்சுவல் பண்ட்ல மகள் பேர்ல எஸ்ஐபி (மாசாமாசம் முதலீடு) போட்டா நல்லதுன்னு அலுவலகத்துல சொல்றாங்க. அப்புறம் அந்த 5ஆம் தேதி கணக்கு என்ன?

தபால்பை:

5ஆம் தேதியை நான் சொல்றேன். செல்வமகள்ல ஒவ்வொரு மாசமும் 5ஆம் தேதி முடிவுல இருந்து மாசக் கடைசி வரைக்கும் எது குறைஞ்ச இருப்போ அதுக்குத்தான் வட்டி. 6ஆம் தேதி கட்டினா அந்த மாச வட்டி போச்சு. 5,000 ரூபாய்க்கு அது 34 ரூபாய்தான், ஆனா 12 மாசமும் தப்பினா வருஷத்துக்கு 410. செக் போட்டா பணம் வரவான தேதிதான் கணக்கு, கொடுத்த தேதி இல்ல.

உங்களுக்கு 1ஆம் தேதி சம்பளம்ங்கறதால 2ஆம் தேதிக்குத் தானா போற மாதிரி வைங்க. வங்கியில செல்வமகள் திறந்தா சம்பளக் கணக்குல இருந்து நிலையான உத்தரவு கொடுக்கலாம். தபால் நிலையத்துல திறந்தா ஐபிபிபி (இந்திய அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கி) செயலியில இருந்து கட்டலாம். ஏப்ரல்ல மொத்தமா 60,000 கட்ட முடிஞ்சா இன்னும் நல்லது: அந்த வருஷ வட்டி 4,920. மாசாமாசம் கட்டினா 2,665தான் வரும். ஆனா மொத்தமாச் சேர்க்கறேன்னு மார்ச் வரை கையில வச்சிருக்கறது உங்க கேஸ்ல வேலைக்கு ஆகாது.

ஆர்டி தேதி வேற. 15ஆம் தேதிக்குள்ள திறந்தா ஒவ்வொரு மாசமும் 15க்குள்ள, அதுக்கு மேல திறந்தா மாசக் கடைசிக்குள்ள. தவறினா 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். நாலு தவணை தவறினா கணக்கு நின்னுடும், அதுல இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள உயிர்ப்பிக்கணும். மூணு வருஷத்துக்கு முன்னாடி முடிக்க முடியாது, அதுக்கு மேல முடிச்சாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். உங்களுக்கு இது நல்ல பூட்டு. முகவர் அக்கா வீட்டுக்கு வந்து வாங்கறதா இருந்தா, அவங்க அட்டையில போடற கையெழுத்தோட விட்டுடாதீங்க. பாஸ்புக்கை வாங்கி அப்பப்போ பதிவைப் பாருங்க.

வட்டிக்கணக்கு:

எட்டு ஆண்டு இருக்கிறதால் பங்குச்சந்தை ஃபண்டில் கொஞ்சம் போடுவது தவறில்லை. ஆனால் மகள் பெயரில் வேண்டாம். சிறுவர் பெயரில் இருக்கும் ஃபோலியோ (ஃபண்ட் கணக்கு) 18ஆவது பிறந்தநாள் அன்று முடங்கும். எஸ்ஐபி நிற்கும், பணம் எடுக்க முடியாது. அவளுடைய பான், வங்கிக் கணக்கு, கையெழுத்துச் சான்று எல்லாம் கொடுத்து மேஜர் என்று மாற்றிய பிறகுதான் திறக்கும். உங்கள் மகளுக்கு 18 ஆவது கல்லூரி முதல் ஆண்டின் நடுவில், அடுத்த கட்டணத்துக்கு முன்னால். உங்கள் பெயரிலேயே தனி ஃபோலியோவாகத் தொடங்கி, வேறு எதற்கும் அதைத் தொடாதீர்கள். எட்டு ஆண்டில் கடைசி மூன்று ஆண்டுக்குள் வந்ததும் சிறிது சிறிதாக எஃப்டிக்கு மாற்றிவிட வேண்டும். சேர்க்கை ஆண்டில் சந்தை விழுந்தால் கல்லூரி காத்திருக்காது.

செல்வமகளுக்கும் 18இல் இதே வேலை உண்டு, கணக்கை இயக்கும் உரிமை அவளுக்கு மாறும். முதல் ஆண்டிலேயே எடுக்க நேர்ந்தால் விண்ணப்பம் பாதுகாவலராக நீங்கள் போடலாம், பத்தாம் வகுப்பு முடிந்திருக்கும். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு அவள் கையெழுத்து. 18 ஆன வாரமே பான் விண்ணப்பித்துவிடுங்கள்.

கல்லூரி தொடங்கியதும் செல்வமகளில் மாதத் தவணையை நிறுத்தினாலும் ஆண்டுக்கு 250 கட்டுவதை நிறுத்தாதீர்கள், 15 ஆண்டு முடிய இன்னும் ஏழு ஆண்டு இருக்கும். உங்கள் பெயரில் பழைய பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். ஐந்து ஆண்டு கடந்த கணக்கைப் பிள்ளையின் மேற்படிப்புக்காக முன்கூட்டியே முடிக்கலாம், வட்டியில் 1 சதவீதம் குறைப்பார்கள்.

பத்திரம்படி:

ஒண்ணு கேட்க மறந்துட்டேன் தம்பி. அடுத்த ஜூன்ல அவ ஆறாம் வகுப்பு எங்க சேரப் போறா? ஆறுல இருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில படிச்சா, பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதுல இடம் கிடைச்சா கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுது. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாயும் உண்டு. நடுவுல ஒரு வருஷம் தனியார் பள்ளிக்குப் போனாலும் அந்தத் தகுதி போயிடும். வீட்டுல அவதான் முதல் பட்டதாரின்னா கலந்தாய்வு வழியாச் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகையும் இருக்கு, சான்றிதழ் இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கணும். அரசுப் பள்ளியிலதான் போடணும்னு நான் சொல்லல, உங்க ஊர்ப் பள்ளி எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும். ஆனா எவ்வளவு சேர்க்கணும்ங்கற கணக்கு அந்த முடிவுலதான் ஆரம்பிக்குது.

மேலூர்க்காரன்:

இப்ப தனியார்ல படிக்கிறா. வீட்டுல முதல் பட்டதாரி அவதான். ஆறாம் வகுப்பு பத்தி இன்னும் பேசல. திங்கள்கிழமை பிறப்புச் சான்றோட தபால் நிலையம் போறேன், அதுல பேர் இருக்கு, இனிஷியல் மட்டும் ஆதார்ல விரிச்சு எழுதியிருக்கு.

தபால்பை:

அப்ப தபால் நிலையத்துக்கு முன்னாடி ஆதார் மையம். அஞ்சு வயசு கைரேகைப் புதுப்பிப்பு முடிஞ்சிருக்கான்னும் அங்கேயே கேட்டுடுங்க. பேர்த் திருத்தத்துக்குப் பிறப்புச் சான்றோட அசலையே எடுத்துட்டுப் போங்க.